தந்தையரைத் தொழுதல்: மலையகத்திலிருந்து சில குறிப்புகள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருக்கும் தகப்பனைத் தவிர வேறு இரண்டு தந்தையர் உண்டு. ஒருவர் வரலாற்றுப் பாடத்தில் வரும் தேசபிதா டி.எஸ். சேனநாயக்க. மற்றவர் வீட்டுச் சுவரிலும் சங்கக் காரியாலயத்திலும் சால்வையோடு காட்சி தரும் மலையகத் தந்தை சௌமியமூர்த்தி தொண்டமான். முதலாமவருக்குப் பெப்ரவரி 4ஆம் திகதியும் மார்ச் 22ஆம் திகதியும் மாலை. இரண்டாமவருக்கு ஓகஸ்ட் 30ஆம் திகதியும் ஒக்டோபர் 30ஆம் திகதியும் மாலை. இருவரையும் ஒரே கட்டுரைக் கொப்பியில் ஒரே வகையான சொற்களால் புகழ வேண்டிய நிலையில் பிள்ளை இருக்கிறது. இந்த இருவருக்கும் இடையில் நடந்தது என்னவென்று அதற்குச் சொல்லிக் கொடுப்பவர் அரிது.

நாட்டின் தாபகர்களைத் தொழுவது நமக்கு மட்டும் உரிய நோய் அல்ல. ஜெனீவாச் சிந்தனையாளர் ரூசோ 1762இல் வெளியான தமது சமுதாய ஒப்பந்த நூலின் முடிவுப் பகுதியில் குடிமைச் சமயம் என்ற ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். குடிகளை ஒன்றாகக் கட்டிவைக்க ஓர் அரசுக்கும் சில நம்பிக்கைகள் தேவை என்பது அவரது வாதம். அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபர்ட் பெல்லா 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அமெரிக்காவில் கிறிஸ்தவத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சமயம் நடந்து வருவதைச் சுட்டிக்காட்டியது. அதற்கும் திருநாட்கள் உண்டு, தியாகிகள் உண்டு, புனிதத் தலங்கள் உண்டு. வொஷிங்டனில் உள்ள காங்கிரஸ் கட்டடத்தின் குவிமாட உட்புறத்தில் ஜோர்ஜ் வொஷிங்டன் வானத்துக்கு எழுந்தருளுவதாகவே 1865இல் ஓவியம் தீட்டி வைத்தார்கள். துருக்கியில் ஒவ்வொரு நவம்பர் 10ஆம் திகதியும் காலை 9.05 மணிக்கு அத்தாதுர்க் இறந்த கணத்தை நினைத்துச் சங்கு ஊத, ஜனங்கள் நடுத்தெருவில் அசையாமல் நிற்கிறார்கள். கராச்சியில் ஜின்னாவின் அடக்கத்தலத்தில் படைவீரர் காவல் நிற்க, வரும் பிரமுகரெல்லாம் மலர்வளையம் வைத்து பாத்திஹா ஓதிச் செல்கின்றனர். உருவ வழிபாட்டை மறுத்த சமூகங்களும் இந்த விடயத்தில் பின்தங்கிவிடவில்லை என்பதற்காகவே பிந்திய இரண்டையும் குறிப்பிட்டேன்.

ஆனால் நமது மலையகத்தில் இச்சமயம் கொண்ட கோலம் தனியானது. அதைப் புரிந்துகொள்ள முதல் தந்தையிடமிருந்தே தொடங்க வேண்டும்.

1948 பெப்ரவரி 4இல் நாடு சுதந்திரமடைந்தது. அதே ஆண்டு நவம்பர் 15இல் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இடையில் ஒன்பது மாதங்கள். தந்தை வழியில் இந்நாட்டுத் தொடர்பை நிரூபிக்க முடியாத எவரும் வம்சாவளிப் பிரஜை ஆக முடியாது என்றது அச்சட்டம். லயக்காம்பிராவில் பிறந்தவனுக்கு எந்தப் பிறப்புப் பதிவு? அவனுடைய அப்பனுக்கு எது? அடுத்து 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்னர் மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்டும்படி கேட்டது. விண்ணப்பித்தோரில் பெரும்பாலானோர் தட்டிக் கழிக்கப்பட்டார்கள். அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை போயிற்று. 1947 பாராளுமன்றத்தில் நுவரெலியாவுக்குத் தொண்டமானும் தலவாக்கலைக்கு சி.வி. வேலுப்பிள்ளையும் உட்காரக் கூடியதாக இருந்தது. 1952இல் அந்த ஆசனங்களுக்கு அவர்களை அனுப்பிய சனங்களின் பெயர்கள் இடாப்பில் இல்லை. இச்சட்டங்கள் எல்லாம் தேசபிதாவின் பிரதமர் காலத்தவை. ஒரு தந்தை பிள்ளைகளைப் பெறுவதுதான் உலக வழக்கு. எண்ணிப் பார்த்துச் சிலரைக் கழித்துவிட்டுத் தந்தையானவர் இவர்.

இங்கே நம் பக்கத்தையும் சொல்லாமல் போவது நேர்மையாகாது. அந்த அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராக வீற்றிருந்தவர் நமது பெருமைக்குரிய டி.பி. ஜாயா அவர்கள். தோட்டத் தொழிலாளர் நாடற்றவராக்கப்பட்ட வேளையில் தொழில் அமைச்சு ஒரு முஸ்லிம் தலைவரின் கையில் இருந்தது. ஸாஹிராக் கல்லூரியை வளர்த்தெடுத்தவர், அரசாங்க சபையில் சுதந்திரத்துக்காக நிபந்தனையின்றிக் குரல் கொடுத்தவர் என்று ஒவ்வோர் ஆண்டும் நாம் அவரை நினைவுகூருகிறோம். அவை உண்மை. ஆனால் சட்டத்தின் பெயரிலேயே பாகிஸ்தானியர் என்ற சொல் இருந்ததை, அது இந்திய முஸ்லிம் வணிகரையும் தோட்டத்துக் கடைக்காரரையும் கூடத் தொட்டதை, நமது நினைவு மலர்களில் நான் வாசித்ததில்லை. நமது கவிஞர் அனைவரும் ஒரே ஆண்டில் எப்படி மறதிக்கு ஆளானார்கள் என்பது ஆய்வுக்குரியது.

சரி, முதல் கோயிலின் வாசலில் நிற்கவிடாத சனம் என்ன செய்யும்? தனக்கென ஒன்றைக் கட்டும். மலையகம் செய்தது அதுவே.

அதற்கு முன்பும் படங்கள் இருந்தன. காந்தி 1927 நவம்பரில் இலங்கை வந்தார். நேரு 1939 ஜூலையில் வந்தார். அந்த வருகையோடுதான் இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. லயங்களில் பிள்ளைகளுக்குக் காந்தி, நேரு, போஸ் என்று பெயர் வைத்த தலைமுறை ஒன்று உண்டு. பின்னர் கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆரும் அந்த வரிசையில் முருகனுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டப்பட்டார். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் கூறு போட்டபோது, காந்தி படத்தை மடியில் கட்டிக்கொண்டு மன்னாரில் கப்பலேறியவர்கள் அநேகர். நீலகிரியில் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்து, அங்கே சிலோன்காரர் என்ற பட்டத்தைப் பெற்றார்கள். படத்திலிருந்த தந்தையின் நாடும் அவர்களைப் பிள்ளையாக ஏற்கத் தயங்கிற்று.

எஞ்சியோருக்குக் கிடைத்த தந்தை தொண்டமான். 1913இல் தமிழ்நாட்டில் பிறந்து, றம்பொடைப் பக்கத்து வேவண்டன் தோட்டத்துக்கு உரிமையாளரின் மகனாக வந்தவர். ஒரு தோட்ட முதலாளி தொழிலாளரின் தலைவரானது விந்தை என்பார்கள் இடதுசாரி நண்பர்கள். எனக்கு அது அவ்வளவு விந்தையாகப் படவில்லை. துரையின் பங்களாவுக்குள் செருப்போடு போய்க் கதிரையில் அமர்ந்து பேசக்கூடிய ஒருவரை அந்தச் சனம் அதற்கு முன் தம் பக்கத்தில் கண்டது குறைவு.

அவரது அரசியலின் உச்சம் என்று நான் கருதுவது அமைச்சுப் பதவிகளை அல்ல, 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனை இயக்கத்தை. வேலைநிறுத்தம் என்று அதற்குப் பெயரிடவில்லை. காலையில் கோயிலடியில் கூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மலைக்கு இறங்கவில்லை. கும்பிடுகிறவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? சில நாட்களில் அரசு இணங்கியது. எஞ்சியிருந்த நாடற்றோர் சுமார் 94,000 பேருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் அந்த ஆண்டே வந்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் மீதியை முடித்தன. சேவல் அவர்களது சின்னம்; முருகன் கொடியிலும் சேவல்தான். சமயமும் சங்கமும் எங்கே பிரிகின்றன என்று தேடுவது வீண்வேலை.

என் மாணவி ஒருத்தியின் பாட்டியைச் சந்திக்கப் போயிருந்தேன். பிள்ளைக்கு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வீட்டுப் பத்திரங்கள் வேண்டியிருந்தன. பாட்டி எழுந்துபோய் சுவரிலிருந்த தொண்டமான் படத்தை இறக்கி, பின்பக்க அட்டையைக் கழற்றி, உள்ளேயிருந்து தமது பிரசாவுரிமைப் பத்திரத்தை எடுத்தார். பொலித்தீனில் சுற்றியிருந்தது. “இதுக்குப் பொறவால வச்சா எலியும் தொடாது, எவனும் தொடமாட்டான் மாஸ்டர்” என்றார். பிறகு, “அந்த ஐயா இல்லாட்டி நாங்க எந்த ஊருனு சொல்லிக்குவோம்?” என்றும் கேட்டார். தலைவர் வழிபாட்டைப் பற்றிப் பரிகாசமாக எழுதும் நண்பர்கள் அந்தச் சட்டகத்தின் பின்பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் படம் வெறும் படமல்ல. அது ஒரு கடதாசிக்குக் காவல். நாற்பது ஆண்டுகள் நாடற்றவளாக இருந்த ஒருத்தியிடம் நன்றி எங்கே முடிகிறது, பக்தி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கும் உரிமை எனக்கில்லை.

எனக்குள்ள பிணக்கு பாட்டியோடு அல்ல, அவர் சார்பில் எழுதுகிறவர்களோடு. அதாவது என்னைப் போன்ற ஆசிரியர்களோடும் கவியரங்கக் கவிஞர்களோடும் மலர்க்குழுக்களோடும்.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலந்தொட்டு நினைவு மலர்களைச் சேர்த்து வருகிறேன். ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. அவற்றில் தலைவர் சூரியனாக உதிப்பார், ஆலமரமாக நிழல் தருவார், கலங்கரை விளக்காக எரிவார், கடைசிப் பாடலில் தெய்வமாவார். உவமைகளை ஒரு மலரிலிருந்து எடுத்து வேறொரு தலைவரின் மலரில் ஒட்டினாலும் வேறுபாடு தெரியாது. சில இடங்களில் ஒட்டித்தான் இருக்கிறார்கள். இவற்றில் காணாதது ஒன்றுதான்: சம்பவம். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எத்தனை பேர், என்ன கேட்டார்கள், எவ்வளவு கிடைத்தது, யார் எதிர்த்தார்கள் என்பன இல்லை. 1984இல் வேலைநிறுத்தம் செய்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் பெற்ற வரலாறு எவ்வளவு பெரியது! கொழுந்து பறிக்கும் பெண்ணின் பேர் ஆணின் பேரை விட மலிவாக இருந்த காலம் அதோடு முடிந்தது. அந்த நிகழ்ச்சியைக் கூட ஐயா தந்தார் என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிடுகிறார்கள். தட்டோடு பிரட்டுக்களத்தில் நின்ற பெண்கள் அந்த வாக்கியத்தில் இல்லை. வழிபாட்டு மொழியின் குணம் அது. எழுவாய் ஒருவர்தான், மற்றெல்லோரும் நான்காம் வேற்றுமை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தொண்டமான் மறைந்தது 1999 ஒக்டோபர் 30. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி அன்றோடு சரியாக 35 ஆண்டுகள். ஒவ்வோர் ஒக்டோபர் 30இலும் மாலை போடும் கூட்டங்களில், குடும்பங்களைக் கூறாக்கிய அந்த ஒப்பந்தத்தின் நாளும் இதுவே என்று எவரும் சொல்ல நான் கேட்டதில்லை. தந்தையின் நினைவு நாள் மற்ற எல்லா நினைவுகளையும் தள்ளிவிட்டு முழுநாளையும் எடுத்துக்கொள்கிறது.

அப்படித் தள்ளப்பட்டவர்கள் யார்? 1920களில் தேசபக்தன் பத்திரிகை நடத்தி, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்து, 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற கோ. நடேசய்யரைச் சாரல் நாடன் எழுதியிராவிட்டால் நாம் முற்றாக இழந்திருப்போம். அவரது துணைவியார் மீனாட்சியம்மை மேடைகளில் தாமே பாடிச் சனங்களைக் கூட்டியவர். 1940இல் வந்த அவரது பாடல் நூலின் பெயர் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’. தலைப்பிலேயே தலைவர் இல்லை, நிலைமைதான் உண்டு. நமது மலர்க் கவிஞர்கள் இத்தலைப்பை ஒருமுறை உரக்க வாசித்துப் பார்க்கலாம். அதே 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தன் முதல் தியாகி. 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்று சுடப்பட்டு இறந்தவர் சிவனு லெட்சுமணன். இந்த இருவருக்காகவும் சிறு குழுக்கள் அவ்வப்போது கூடுகின்றன. வரலாற்றுப் பாடத்தில் இருவருமில்லை.

அப்துல் அஸீஸைப் பற்றி இந்த ஏட்டின் வாசகருக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு முஸ்லிம், தமிழ் பேசும் இந்துத் தொழிலாளரின் காங்கிரஸுக்குத் தலைவராக இருந்தார். 1950களின் நடுவில் பிளவு வந்தபின் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்தினார். 1970இல் நியமன உறுப்பினரானார். மலையக அரசியல் மதத்தைக் கேட்காமல் ஒருவரைத் தலைவராக ஏற்ற காலத்தின் சாட்சி அவர். முஸ்லிம் இலக்கியக்காரருக்கு அவர் மலையகத்தார். மலையக இலக்கியக்காரருக்கு அவர் போட்டிச் சங்கத்தார். இரண்டு பெட்டியிலும் வைக்க இடமில்லாமல் போய்விட்டது.

வழிபாட்டின் இன்னொரு விளைவு வாரிசு. தெய்வத்துக்குத் தேர்தல் இல்லை, வம்சம்தான் உண்டு. 1999க்குப் பின் பேரன் ஆறுமுகன் வந்தார். 2020 மே 26இல் அவர் காலமாக, நோர்வூட்டில் தொண்டமான் பெயர் தாங்கிய மைதானத்தில் தகனம் நடந்தது. கொரோனா ஊரடங்குக்குள்ளும் பாதையோரங்களில் சனம் நின்றது. அதே ஆண்டு ஓகஸ்ட் தேர்தலில் அவர் மகன் ஜீவன் பாராளுமன்றம் சென்றார். ஆட்களின் தகைமையை நான் இங்கே எடைபோடவில்லை. ஒரு தொழிற்சங்கத்தில் மாதா மாதம் சந்தா கட்டுகிறவன் அங்கத்தவன். கணக்குக் கேட்க அவனுக்கு உரிமையுண்டு. உண்டியலில் காசு போட்டவன் கணக்குக் கேட்டால் அது அபசாரம். 2017இல் சில நிறுவனங்களின் பெயர்ப் பலகையிலிருந்து தொண்டமான் பெயர் எடுக்கப்பட்டபோது மலையகம் வீதிக்கு வந்தது. அந்தக் கோபம் நியாயமானதே. பெயரைச் சுரண்டுவது அற்பத்தனம். ஆயினும் நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற கோரிக்கை வருடக்கணக்காகக் கிடந்து 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணய சபை வழியாக நடைமுறைக்கு வந்ததையும், இடைப்பட்ட காலத்தில் அந்தத் தாமதத்துக்காக யாரிடமும் யாரும் கணக்குக் கேட்காததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் மலையக இலக்கியத்தில் வேறொரு வழி இருக்கவே செய்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை தாமே பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர், சங்கத் தலைவர்களோடு ஒரே மேடையில் அமர்ந்தவர். அவர் நினைத்திருந்தால் தந்தையர் புராணம் ஒன்றை எவரையும் விடச் சிறப்பாகப் பாடியிருக்கலாம். ஆனால் ‘வீடற்றவன்’ நாவலில் அவர் எடுத்துக்கொண்டது, தோட்டத்தில் சங்கம் அமைக்க முயன்று விரட்டப்படும் ஒரு தொழிலாளியை. அச்சங்கத்துக்குத் தலைவர் யார் என்பதல்ல, அதை முதல் முதல் ஒரு தோட்டத்துக்குள் கொண்டுவந்தவனுக்கு என்ன நடந்தது என்பதே அவரது கேள்வி. அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்க’ளில் கங்காணியும் துரையும் வருகிறார்கள்; பெரும்பாலும் கிண்டலுக்கோ வசவுக்கோ ஆளாகிறார்கள். எழுத்தறியாத சனம் அதிகாரத்தைப் பாடிய முறை அது. தோத்திரம் பாடக் கற்றுக்கொடுத்தது அச்சும் மேடையும், அதாவது படித்தவர்கள், என்பது எனது அபிப்பிராயம். மறுப்பவர் எழுதலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்த அன்று அதை ஏற்க முடியாமல் உமர் (ரலி) கொந்தளித்து நின்றதும், அபூபக்ர் (ரலி) வந்து, முஹம்மதை வணங்கியோர் அவர் இறந்துவிட்டார் என்று அறிக, அல்லாஹ்வை வணங்குவோர் அவன் என்றும் இருப்பவன் என்று அறிக என்ற கருத்தில் பேசியதும் நமது பிள்ளைகளுக்கு மனப்பாடம். அன்பின் உச்சத்தில் நின்ற ஒரு நண்பர் அன்பைக் குறைக்காமலே அந்த வார்த்தையைச் சொன்னார். நாமோ அதைப் படித்துவிட்டு, கண்டியின் சித்திலெப்பையை ஆண்டுக்கொருமுறை அறிவுலகச் சூரியன் என்று பாடுகிறோம். அவர் 1885இல் எழுதிய ‘அசன்பே சரித்திர’த்தைக் கையிலெடுத்து வாசித்தவர் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் தலை குனிகிறார்கள். சூரியனை யாரும் வாசிப்பதில்லை அல்லவா.

வகுப்பில் நான் செய்வது சிறிய வேலை. தேசபிதா பற்றிய பாடம் வரும்போது கல்லோயாத் திட்டத்தைச் சொல்லிவிட்டு, கரும்பலகையின் மறுபக்கத்தில் 1948.02.04 என்றும் 1948.11.15 என்றும் இரண்டு திகதிகளை எழுதுகிறேன். இரண்டாவது என்ன என்று வீட்டில் கேட்டு வரச் சொல்கிறேன். பத்தில் இரண்டு பிள்ளைகள் ஏதாவது கொண்டு வருவார்கள். ஒருமுறை ஒரு பையன் எழுந்து, “அப்ப சேர், பரீட்சையில எந்தத் திகதிய எழுதணும்?” என்று கேட்டான். முதலாவதை எழுது, இரண்டாவதை மறக்காதே என்றேன். அவன் இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

சென்ற மாதம் இங்கே ஒரு நினைவு மலருக்குக் கவிதை கேட்டு வந்தார்கள். கவிதை தரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நான்கு வயோதிபரைப் பிடித்து, 1986 தை மாதத்தில் எந்தக் கோயிலடியில் கூடினீர்கள், யார் தேங்காய் உடைத்தது, எந்த உத்தியோகத்தர் வந்து மிரட்டினார், யார் முதலில் பயந்து வேலைக்கு இறங்கினார், அவரை மற்றவர் என்ன சொன்னார்கள் என்று கேட்டு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். தலைவர் அதில் இரண்டு இடத்தில் வருகிறார். மலர்க்குழுச் செயலாளர் வாங்கிப் புரட்டிவிட்டு, ஐயாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நல்லது மாஸ்டர் என்றார். சேர்க்கவில்லை. பிரசுரிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.